முதுகு காட்டும் பெண்ணும் முடி வெட்டாத மாடும்

ஸ்ரீவைகுண்டம்,
வியாழக்கிழமை, மழை விட்ட மத்தியானம்.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஹெப்ரான் மாமாவுக்கு,

அணைக்கட்டில் தண்ணீர் வழிவதைப் போல அங்கே உங்கள் வீட்டிலும் சமாதானம் வழிய வேண்டும் என்று ஜெபிக்கும் அக்கா மகள் பெர்லின் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆடுகள் எல்லாரும் சுகம். உங்கள் சுகமும் எடின்பரோ ஆஸ்பத்திரியில் உங்கள் வார்டு நோயாளிகளின் சுகமும் அறிய ஆவல்.

முதலில், எழுதுவதற்கே மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் என்னைக் காலேஜில் படிக்கவைத்தவருக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். போனில் சொல்லலாம். ஆனால் போனில் நான் பேசுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும்: "நல்லா இருக்கேன் மாமா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மா அதைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பேசுவாள். நீங்கள் அங்கே தும்மினால் மேலத்தெருவே "ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்கிறது. எழுத்தில்தான் எனக்கு வாய் இருக்கிறது. நம் சபை ஜெனோ அக்கா புதன்கிழமை படிக்கப் புறப்படுகிறாள், அதுவும் உங்கள் ஊருக்கே. அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். ஒரு சின்னப் படம் நம் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பொருநைக் கரை கிளப்பை நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பு பஞ்சு வாங்க வந்த ஸ்காட்லாந்து துரைமார்கள் கட்டினார்கள். போகும்போது ஒரு பில்லியர்ட்ஸ் மேஜையையும், ஷூ போடாதவர் உள்ளே வரக்கூடாது என்ற விதியையும், ஏழு எண்ணெய் ஓவியங்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். மேஜைமேல் இப்போது செய்தித்தாள் கிடக்கிறது. விதி அப்படியே இருக்கிறது. ஓவியங்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆறு பெரியவை: மலை, ஏரி, மலையும் ஏரியும், ஏரியில் தெரியும் மலை, பனிமூட்டம் (இதற்குள் மலையும் ஏரியும் இருப்பதாக நம்பிக்கை), பிறகு கண் மறைய முடி வளர்ந்த ஒரு மாடு. ஏழாவது சிலேட்டு அளவுதான் இருக்கும், மாடிப்படி திரும்பும் இடத்தில் தொங்கும். முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஒரு பெண் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். மேலே மழை வரப்போகிற வானம். தலைத்துணி மட்டும் சிவப்பு, அதுவும் தூரிகையின் ஒரே இழுப்பு. மழை வருவதற்குள் இன்னும் ஒரு பாத்தி அறுத்துவிடலாமா என்று அவள் யோசிக்கிறாள். இது எனக்குத் தெரியும். அம்மா வாழைத்தோப்பில் அப்படித்தான் நிற்பாள்.

கிளப் செயலாளர் அசன் மைதீன் சாருக்கு மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை. அவர் போன வருடம் என்னைக் கூப்பிட்டு, "நீ இங்கிலீஷ் படிச்ச பிள்ளைலா, இந்தப் படத்துக்கெல்லாம் ஒரு பட்டியல் போடு" என்றார். ஸ்காட்லாந்து ஓவியத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தருவார்கள்? உங்களைக் கேட்டேன். "இங்கன படமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, மழைதான் தெரியும்" என்றீர்கள். கடைசியில் உங்கள் ஊர் ஏலக் கம்பெனிகளின் இணையப் பக்கங்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம் ஆயின. எத்தனை படம் மாமா! விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு மேகத்துக்குள் எத்தனை நிறம் என்று எண்ணலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மான்களையும் கோட்டைகளையும் வரைந்து அலுத்த இளைஞர்கள் சிலர் ஒரு காலத்தில் சேற்றையும் முட்டைக்கோஸையும் வரையப் போனார்களாம். அதைப் படித்த அன்று ரயிலில் வரும்போது கருங்குளத்து வாழைத்தோப்பை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். நேரடி ஏலங்களையும் மத்தியானம் டீ நேரத்தில் பார்ப்பேன். ஏலம் கூறுகிறவர் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசுவார். வாங்குகிறவர் மூக்குக்கண்ணாடியை லேசாகத் தூக்குவார், அவ்வளவுதான், ஒரு மலை கைமாறிவிடும். நான் தவறி ஏதாவது அமுக்கிவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டுதான் உட்காருவேன்.

இந்த ஐப்பசியில் கிளப் கூரை ஒழுகியது. 'ஏரியில் தெரியும் மலை' படத்தின்மேல் நிஜத் தண்ணீர் வழிந்ததும் கமிட்டி கூடி, படங்களை உறுப்பினர்களுக்குள்ளேயே ஏலம் விட்டுக் கூரையைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தது. ஏலம் கூற ஆள் வேண்டும் என்றார்கள். கமிட்டிக் கூட்டத்தில் குறிப்பெடுக்க மட்டும் உட்காரும், இதுவரை வாயே திறக்காத நான் அன்று, ஏன் என்று தெரியவில்லை, "எங்க அப்பா கூறுவாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. நம் சபை அறுப்பின் பண்டிகையில் இருபது வருடமாக அப்பாதானே காணிக்கைப் பொருளை ஏலம் கூறுகிறார்கள்? ஒற்றை எலுமிச்சம்பழத்தை வாத்தியார் சம்பளத்துக்கு விற்ற வாய் அது. ஆனால் ஏலம் என்றால் முட்டைக்கோஸ்காரியும் போய்விடுவாளே! ஊழியர்கள் ஏலம் கேட்கக் கூடாது. அதனால் மாமா, ஒரு பாவம் செய்தேன். பட்டியலில் மற்ற ஆறு படத்துக்கும் எடின்பரோ பாணியில் அழகாக எழுதிவிட்டு, அவளுக்கு மட்டும், "சிறியது. மங்கல். முகம் தெரியாது" என்று எழுதினேன். யாரும் கேட்காவிட்டால் மாடிப்படியிலேயே இருப்பாள் அல்லவா?

ஏல நாளன்று அப்பா, ரிட்டையரான போலீஸ்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பழுப்பு ஷூவோடு வந்தார்கள். கையில் ஒரு ஏத்தன் வாழைத்தாரும், கக்கத்தில் ஒரு சேவலும். "எதுக்குப்பா இது?" என்றேன். "வெறும் படத்த வச்சு எப்படி பிள்ள ஏலத்தத் தொடங்குதது? முதல்ல ஒரு விளைச்சல் போகணும்லா" என்றார்கள். ஏலம் கூறும் இடம் அப்பாவுக்குப் பலிபீடத்துக்கு முன்னால் நிற்பது மாதிரி, அதனால் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டார்கள். பின்னால் வந்த ரிட்டையர்டு தாசில்தார் ஒரு ஜோடி வாசலில் கிடப்பதைப் பார்த்ததும் யோசிக்காமல் தன்னுடையதையும் கழற்றினார். அதற்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. நூற்றுச் சொச்சம் வருடம் ஷூ இல்லாமல் யாரையும் விடாத கிளப்பில் அன்று நாற்பது பேர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

என் பட்டியலை அப்பா கையால்கூடத் தொடவில்லை. மாட்டுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கய்யா, சீமை மாடு! தீவனம் கேக்காது, சாணி போடாது, மேய்க்க ஆள் தேட வேண்டாம். முடி வெட்டுத செலவு மட்டும் உண்டு!" என்று ஒரு கூப்பாடு. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். பல் டாக்டர் சிவகணேஷ் முதலில் கேட்டார். அப்பா நேராக அசன் மைதீன் சாரைப் பார்த்து, "டாக்டர் கேட்டாச்சு. ஜவுளிக்கட அண்ணாச்சி கையக் கட்டிக்கிட்டு இருக்கதப் பாத்தா மாடு என்ன நெனைக்கும்?" என்றார்கள்.

"யாருவே கையக் கட்டினது?" என்று சார் எழுந்தே விட்டார். "அவரு சொன்னதுக்கு மேல ரெண்டாயிரம்!"

"சீட்டாட்டத்துலதான் ஜெயிக்க மாட்டேங்கீரு, இதுலயாவது ஜெயிச்சுக்கிடும்னு விடமாட்டேன் வே" என்று டாக்டர் இன்னும் ஏற்றினார். மூன்று தரம் கூறி மாடு டாக்டருக்குப் போனது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் சபை வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ஒரு மாதிரி. பணத்தையும் கட்டி, "திரும்ப விடுங்க" என்று சொன்னால்தான் மனுஷன். அப்பாவுக்கு ஏலம் என்றாலே அதுதான். "டாக்டர் மாட்ட வீட்டுக்கு ஓட்டிட்டுப் போதாரா, திரும்ப விடுதாரா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்துப் பைய ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். 'ஓட்டிட்டுப் போறேன்' என்று சொல்ல அந்த டாக்டருக்கு வாய் வரவில்லை. "விடுங்க, விடுங்க" என்றார். மாடு மறுபடி ஏலத்துக்கு வந்தது. அசன் மைதீன் சார் எடுத்தார். அவர் மட்டும் சளைத்தவரா? "நானும் விட்டேன்வே!" மாடு ஒன்பது முறை விற்றது மாமா. ஏரியைத் தூக்கி, "எந்தக் கோடைலயும் வத்தாத குளம், மடை திறக்க மனு கொடுக்க வேண்டாம்" என்றார்கள், அது ஐந்து முறை. பனிமூட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்குன்னு எடுக்கவருக்குத்தான் தெரியும்" என்றார்கள், அது ஏழு முறை. கூரைக்கு வேண்டியதைவிட அதிகமாகச் சேர்ந்தது. கடைசியாக எடுத்தவர்களும் கிளப்புக்கே விட்டுக்கொடுத்ததால் ஆறு படமும் பழைய ஆணியிலேயே மாட்டப்பட்டன. ஏலத்தில் எடுத்து வீட்டுக்குப் போனது வாழைத்தாரும் சேவலும் மட்டும்தான். சேவலுக்கு நடந்த போட்டியால் தாசில்தாரும் டாக்டரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

கடைசியில் முட்டைக்கோஸ்காரி வந்தாள். நான் எழுதிய நாலு வார்த்தை வேலை செய்தது, ஒருவரும் கேட்கவில்லை. நான் மூச்சு விட்டேன். அப்பா மட்டும் படத்தைக் கீழே வைக்கவில்லை. "காணிக்கைக்கு வந்த பொருள் கேப்பாரத்துப் போகப்பிடாது. யாரும் கேக்கலன்னா கூறுதவந்தான் எடுத்துக்கிடணும், அதான் முறை" என்று மடியிலிருந்து முந்நூற்றைம்பது ரூபாயை எடுத்து வைத்தார்கள். சாரிடம் ஓடிப்போய், வேண்டுமென்றே மட்டமாக எழுதினேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எடுத்துட்டுப் போ பிள்ள, அந்தப் பொம்பள இருபது வருஷமா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கா" என்றார்.

இப்போது அவள் நம் வீட்டு முன்னறையில், ரேஷன் கார்டு ஆணிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். காலையில் வெயில் விழும்போது அந்தச் சிவப்புத் துணி எரிகிறது. அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இவ கூடையச் சரியா பிடிக்கல, இடுப்பு வலிக்கும்" என்றாள். இதைவிட நல்ல விமரிசனத்தை எந்த ஏலப் பட்டியலிலும் நான் படித்ததில்லை. யாருக்கும் நஷ்டமில்லை, உங்களுக்கு ஒரு காசு செலவில்லை, எனக்கு இனி ஒரு குறையும் இல்லை.

ஜெனோ அக்காவிடம் ஏத்தன் சிப்ஸ் இரண்டு பொட்டலம் கொடுத்திருக்கிறேன், விமானத்தில் ஒன்று குறைந்தால் பெரிதுபடுத்தாதீர்கள். அங்கே இலவசமாக நுழையக்கூடிய ஓவியக் கூடம் ஒன்று இருக்கிறதாம், மழைக்கு ஒதுங்கவாவது ஒருநாள் போய்வாருங்கள். பனியில் உங்கள் கால் வழுக்காமலும், வார்டில் உங்கள் பொறுமை வழுக்காமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

அன்பு மருமகள்,
பெர்லின்.

பின்குறிப்பு (திங்கட்கிழமை): மேலே படம் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு வாசியுங்கள் மாமா. யாருக்கும் செலவில்லை என்பதையும் அடித்துவிடுங்கள். நேற்று அறுப்பின் பண்டிகை. கிளப் ஏலத்துக்குப் பிறகு அடித்த காற்றில் வாழை சாய்ந்துபோனதால் இந்த வருடம் காணிக்கைக்குக் கொண்டுபோக நம்மிடம் ஒரு தார்கூட இல்லை. அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். "இருக்கதுல நல்லதத்தானே கொடுக்கணும்" என்று படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான், அதனால் என்னால் சண்டையும் போட முடியவில்லை.

ஏலத்தில் யாரும் கேட்காமல் போனால் அப்பாவுக்கே திரும்பிவிடும் என்று இருந்தேன். பூசணிக்காய்க்கு அடுத்ததாகப் படம் வந்தது. "நம்ம சனம்தான், முதுகப் பாத்தாலே தெரியுதுலா!" என்று அப்பா தூக்கிக் காட்டியதும் நாலு பக்கமும் கை எழுந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தூணுக்குப் பின்னாலிருந்து நானும் கையை நீட்டினேன். எல்லாரும் ஓய்ந்த பிறகும் பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் மட்டும் விடாமல் ஏற்றியது. "தூணுக்குப் பின்னால ஒரு கை தெரியுது, கை யாருதோ, மனசு பெரிய மனசு!" என்று அப்பா எனக்கும், "அங்கன ஒரு தாயி விடமாட்டேங்கா!" என்று அந்தப் பக்கத்துக்கும் விசிறிவிட்டார்கள். என் இரண்டு மாதச் சம்பளம் தாண்டியதும் என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. மூன்று தரம் கூறிய பிறகு எட்டிப் பார்த்தால், எதிரில் நின்றது அம்மா. நீங்கள் வருடாவருடம் பண்டிகைக்கு அனுப்பும் பணத்துக்கு உங்கள் பேரில் கேட்டிருக்கிறாள். "ஏட்டி, நீயா அது? ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா!" என்கிறாள்.

ஆக, படம் இப்போது உங்களுடையது. போதகர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வழக்கம்போல் சனிக்கிழமை அம்மா உங்களுக்குப் போன் செய்து, "தம்பி, திரும்ப விடச் சொல்லவா?" என்று கேட்பாள். அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே "விடச் சொல்லு அக்கா" என்பது உங்கள் பழக்கம். அப்படிச் சொன்னால் மறுநாளே சபையில் படம் மறுபடி ஏலத்துக்கு வந்துவிடும். மாடிப்படி மொட்டையாக இருக்கிறது, முதுகு இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது என்று அசன் மைதீன் சார் வேறு நம் சபைக்கே வந்து ஏலம் கேட்கத் தயாராக இருக்கிறார். கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள் மாமா. இந்த ஒரு வருடம் மட்டும் தாராள மனசு வேண்டாம். ஊர் என்ன சொன்னாலும் பரவாயில்லை, "எனக்கே வேணும் அக்கா, நான் வார வரைக்கும் பெர்லின் வச்சிருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அம்மா மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுங்கள்.