தலையில்லாத கோழியும் காலில்லாத பேயும்

அந்தத் தெருவில் மனிதர்களுக்குக் காவல் கிடையாது. தெருவிளக்கு எரிந்து எட்டு மாதம் ஆகிறது, கேட்க நாதியில்லை. கோழிகளுக்கு மட்டும் பலத்த காவல். ஒவ்வொரு கூண்டிலும் கறுப்புத் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. வசதியுள்ளவர்கள் கூண்டில் இரண்டு, மூன்று. சைக்கிள் கடைக்காரர் கூண்டில் ஐந்து. அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சேவல். ஒரு சேவலுக்கு ஐந்து மெய்க்காப்பாளர். மந்திரிகளே பொறாமைப்படுவார்கள்.

முடிச்சு கட்டிக் கொடுப்பவர் காவலய்யா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர்தான். மழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி ஊரை ஏமாற்றியது. இப்படியும் பிழைக்கலாம் போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தாடி வளர்ந்தது. குடைக்கம்பி மந்திரக்கோல் ஆனது. விடிந்தால் அவர் வாசலில் கூட்டம். ஆஸ்பத்திரியில்கூட ஜனங்கள் அவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்கமாட்டார்கள்.

கூட்டம் வரக் காரணம் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கூண்டு பூட்டியது பூட்டியபடி இருக்கும். கோழி இருந்த இடத்திலேயே இருக்கும். தலை மட்டும் இருக்காது. கதவு உடையவில்லை, கம்பி வளையவில்லை. திருடனாக இருந்தால் முழுக்கோழியை எடுப்பான், தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எந்தத் திருடன் என்ன குழம்பு வைப்பான்? ஜனங்கள் இவ்வளவு தூரம் யோசித்தார்கள். இன்னும் அரை அடி யோசித்திருக்கலாம். அதற்குள் காவலய்யா வந்துவிட்டார்.

"இது தலைவாங்கி. அதுக்குக் கால் கிடையாது. மிதந்து வரும், மிதந்து போகும். தடம் இருக்காது."

தடம் இல்லாதது வாஸ்தவந்தான். எப்படி இருக்கும்? விளக்கு வைத்த பின் கூண்டில் என்ன சத்தம் கேட்டாலும் யாரும் வெளியே வரக்கூடாது என்றார். நாயை வீட்டுக்குள் கட்டிவைக்கச் சொன்னார், பேய்க்கு இடைஞ்சலாம். விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கூண்டைச் சுற்றிப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கண்ணைத் திறக்க வேண்டும் என்றார். தலை போன உடம்பு வீட்டில் இருந்தால் அடுத்தது வீட்டு மனிதரின் தலை, அதனால் அதை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் கண் அவிந்துவிடும். அவ்வளவுதான், சுலபமான விதிகள். பார்க்காதே என்பதைத்தான் அவர் நாலைந்து விதமாகச் சொன்னார்.

அந்த வரிசையில் கலவைக்காரியும் நின்றவள்தான். பெரிய அறிவாளி என்று அவளைச் சொல்லிப் பொய் பேச வேண்டாம். கட்டட வேலையில் கலவை போட்டுச் சட்டியில் சுமக்கிறவள். பதினாறு வருஷம் சுமந்ததில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து நாலு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். தினம் ஒரு முட்டை, குறையக்கூடாது என்றார் டாக்டர். தினம் கடையில் வாங்க அவள் கூலி இடம் கொடுக்கவில்லை. வீட்டில் ஏழு கோழி இருந்ததால் சமாளித்தாள்.

ஏழில் ஐந்துக்குத் தலை போயிற்று. மிச்சம், முட்டையிடும் வெள்ளை ஒன்று, பதினோரு முட்டை மேல் அடைகாக்கும் கறுப்பி ஒன்று. குஞ்சு பொரிக்க இன்னும் ஆறு நாள். கூண்டில் மூன்று முடிச்சு தொங்கியது. முதல் முடிச்சு கட்டுவதற்கு முன்னால் போனது ஒன்று. கட்டிய பிறகு போனது நாலு. இந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்கும்படி ஒரு மத்தியானம் நேர்ந்தது.

அன்று காலையில்தான் மூன்றாவது முடிச்சைக் கட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். வேலையிடத்துப் பூனை ஒன்று காலையிலிருந்து அவள் கையையே முகர்ந்துகொண்டு பின்னால் திரிந்தது. கையை இரண்டு தரம் கழுவினாள். பூனை போகவில்லை.

மத்தியானம் எல்லோரும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். மேஸ்திரி சூப் வாங்கினார். கரண்டியில் ஒரு கோழிக்கால் வந்தது. காலில் ஒரு கம்பி வளையம்.

"ஏம்மா, கோழிக்குக் கொலுசு போட்டு வளர்க்கிறது நீ ஒருத்திதானே?"

கலவைக்காரி வாங்கிப் பார்த்தாள். கட்டுக்கம்பி. இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு. தன் கோழி அடையாளம் தெரிய அவள் கையாலேயே மாட்டியது. சமையல்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தக் கோழி எங்கேர்ந்து வருது?"

"தாடிக்காரர் ஒருத்தர் பையில கொண்டாந்து போடுவார்மா. தலை இருக்காது. நாங்க மட்டும் தலையை வெச்சு என்ன பண்ணப் போறோம்."

மேஸ்திரி சூப்பைத் தள்ளி வைத்தார். பிறகு யோசித்து, திரும்பவும் இழுத்துக் குடித்தார். "அடங்கின ஆவி, உடம்புக்கு நல்லதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னாள். புருஷனின் தங்கை, தையல் மிஷின் வைத்திருப்பவள். காவலய்யாவுக்கு முடிச்சுத் துணி வெட்டிக் கொடுக்கும் பெரும்பேறு பெற்றவள்.

"சாந்தி பண்ணிட்டு வித்திருப்பார். அதிலென்ன அண்ணி தப்பு?"

"பேய் கடிச்ச கோழியை ஊருக்கே ஊத்திட்டாருடி."

"சரி, வித்தாருன்னே வெச்சுக்கோ. தலையை எடுத்தது அவரா? பூட்டு உடைஞ்சுதா? அதுக்குப் பதில் சொல்லு பாப்போம்."

கலவைக்காரி போய்க் கூண்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டு கெட்டியாகத்தான் இருந்தது.

"அப்புறம் இன்னொண்ணு," நாத்தனார் ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள். "நாளன்னைக்குக் காலைல கறுப்பியைத் தர்றதா ஐயாகிட்ட சொல்லிட்டேன். அதைத்தான் தலைவாங்கி குறி வெச்சிருக்காம். முட்டையோட கொடுத்துட்டா வீட்டைவிட்டுப் போயிடுமாம்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"எங்கண்ணன் உசுரைக் கேட்டுச் சொன்னேன்."

கட்டிலிலிருந்து புருஷன் குரல் வந்தது. "உங்கண்ணன் உசுரு முட்டையிலதான் இருக்கு. ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க, கறுப்பி எந்திரிச்சிடப் போவுது."

மறுநாள் சாயங்காலம் கலவைக்காரி காவலய்யா வாசலுக்குப் போனாள். நல்ல கூட்டம்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா, தீர்க்கத்தானே உட்கார்ந்திருக்கேன்."

"முடிச்சு இருக்கிற இடத்துக்கு அது வராதுங்களா?"

"ஏழடிக்குள்ள ஈ எறும்பு நெருங்காது."

"எங்க வீட்டுல முடிச்சு கட்டின பிறகுதான் நாலு போச்சு."

காவலய்யா கண்ணை மூடித் திறந்தார். "உன் மனசுல சந்தேகம்னு ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா வருது." கூட்டம் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

"அப்போ சந்தேகமே இல்லாத இடத்துல கட்டிப் பாத்துடலாங்க. குழாயடிக்குப் பக்கத்துல காலி மனை இருக்குல்ல. ரெண்டு பழப்பெட்டி வைக்கிறேன். ஒண்ணுல உங்க முடிச்சு, ஒண்ணுல ஒண்ணுமில்ல. மனைக்கு ஏது மனசு, அது சந்தேகப்படாது."

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். காவலய்யாவுக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று. "காலிப் பெட்டிக்கு எது வரும்? அப்படியே வந்தாலும் உனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் காலே கிடையாதே."

"காலைல எந்தத் தடமும் இல்லேன்னா கறுப்பியை முட்டையோட நானே தூக்கிட்டு வர்றேன்."

அதற்கு மேல் அவர் என்ன சொல்வார். சரி என்றார்.

கலவைக்காரிக்கு எழுத்து கொஞ்சம்தான் தெரியும். ஈரக் கலவை நன்றாகத் தெரியும். அவள் கலவை சுமந்து போட்ட தரைகளில் நாய் நடக்காத தரை ஒன்றுகூடக் கிடையாது. மாளிகையோ மாட்டுக்கொட்டகையோ, மெழுகிவிட்டுத் திரும்பினால் ஒரு நாய் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும். ஆகவே மேஸ்திரியிடம் கேட்டு, வேலை முடிந்த மிச்சச் சிமெண்டும் மணலும் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தாள். விளக்கு வைத்த பின் காலி மனைக்குப் போய், சீக்கிரம் இறுகாதபடி தண்ணீரைத் தாராளமாக விட்டுப் பிசைந்து, இரண்டு பெட்டியைச் சுற்றியும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினாள். ஒருவரும் பார்க்கவில்லை. விளக்கு வைத்த பின் வெளியே வரக்கூடாது என்பது ஐயா போட்ட சட்டம் அல்லவா.

விடிந்ததும் முதலில் வந்தவள் நாத்தனார். கையில் துடைப்பம், இடுப்பில் குடம். விதிப்படி கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் பெட்டியைச் சுற்றிப் பெருக்கினாள். துடைப்பம் சரக் சரக் என்றது, ஒரு தூசியும் நகரவில்லை. தண்ணீர் தெளித்தாள். சிமெண்டுக்கு அதைவிட நல்ல பூசை கிடையாது, குடித்துவிட்டு இன்னும் இறுகியது. கண்ணைத் திறந்தாள். வெகுநேரம் கீழேயே பார்த்தாள்.

"அண்ணி, இங்க வாயேன்."

தெருவே வந்தது. முடிச்சு இல்லாத பெட்டியைச் சுற்றித் தரை மெழுகினபடி இருந்தது. முடிச்சுப் பெட்டியைச் சுற்றிக் கால், கால், கால். சின்னச் சின்னப் பாதம், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல், நுனியில் நகம்.

"பூனைதானே?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"பூனைத் தடத்துல நாலு விரல்தாண்ணே பதியும். இது மரநாய். காலில்லாத பேய் எண்ணி இருபது விரலோட வந்திருக்கு" என்றாள் கலவைக்காரி.

அதோடு போயிருந்தால் காவலய்யா எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார். ஆனால் அந்தத் தரையில் இன்னொரு கையெழுத்தும் இருந்தது. பெட்டியில் முடிச்சைக் காணோம். டயர் செருப்புத் தடம் நாலு உள்ளே போயிருந்தது. திரும்பி வந்ததில் ஒன்று செருப்பு, ஒன்று வெறுங்கால். நடுவில் ஒரு செருப்பு, பாதி புதைந்து, கல்லாகி நின்றது.

காவலய்யா வந்தார். கூட்டம் வழக்கமாக அவர் முகத்தைப் பார்க்கும். அன்றைக்கு எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அவர் காலைப் பார்த்தார்கள். வெறுங்கால். இடது காலின் விரலிடுக்கில் சாம்பல் நிறத்தில் காய்ந்த சிமெண்டு.

"ராத்திரி எங்க இருந்தீங்க ஐயா?"

"தியானத்துல."

"கால் மட்டும் எந்திரிச்சு வந்துடுச்சுங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவலய்யா குடைக்கம்பியை ஓங்கினார். "அடியே, முடிச்சைக் காப்பாத்த வந்தேன். என்னைச் சோதிச்சா இந்தத் தெருவுக்கே..."

"முடிச்சுதானே நம்மளக் காப்பாத்தணும், ஐயா போய் முடிச்சைக் காப்பாத்துறாரா?" என்று கேட்டது நாத்தனார். தானா கேட்டோம் என்று அவளே ஒரு கணம் திகைத்தாள். பிறகு கலவைக்காரி முந்தானையில் முடிந்து வைத்திருந்த இன்னொரு முடிச்சை, வீட்டுக் கூண்டிலிருந்து எடுத்ததை, வாங்கிக்கொண்டாள். தையல்காரி அல்லவா, மடியில் கத்தரி இருந்தது. ஒரே வெட்டு. கூட்டம் முழுக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டது. மூக்கைப் பொத்த மறந்துவிட்டது.

உள்ளே இருந்தது ஒரு காய்ந்த மீன் தலை.

"கண்ணு போயிடுச்சா?" என்று கேட்டார் சைக்கிள் கடைக்காரர், கையை எடுக்காமலே.

"இப்பத்தாண்ணே வந்திருக்கு" என்றாள் நாத்தனார்.

எதைக் கண்டால் மரநாய்க்கு நாக்கில் எச்சில் ஊறுமோ அதைத்தான் ஒவ்வொரு வீடும் வாங்கி, கூண்டில் தொங்கவிட்டு, நாயைக் கட்டிப்போட்டு, கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. விருந்தாளியை இதற்கு மேல் எப்படி உபசரிப்பது? கலவைக்காரி எல்லோரையும் பக்கத்துக் கூண்டுக்கு அழைத்துப்போய், அகலக் கண் கம்பிவலைக்குள் கையை முழங்கை வரை விட்டுக் காட்டினாள். "கோழி கம்பியோரமா உட்கார்ந்து தூங்குது. தலை வெளிய நீட்டிக்குது. வந்தது தலையைக் கவ்வுது. உடம்பு ஓட்டையில வராது, விட்டுட்டுப் போயிடுது. இதுக்கு எதுக்குங்க பேய்?"

இந்தப் பேச்சு முடிவதற்குள் காவலய்யா தெருமுனை தாண்டிவிட்டார். ஒற்றைச் செருப்பைக்கூடக் கேட்கவில்லை. போகும்போது மிதக்கவில்லை, நன்றாகவே ஓடினார்.

அன்றைக்கே கலவைக்காரி வேலையிடத்தில் கிழிந்து கிடந்த மணல் சலிக்கும் வலையைக் கேட்டு வாங்கி வந்து கூண்டைச் சுற்றி இரட்டையாக அடித்தாள். ஒரு விரல்கூட நுழையாது. நாலாம் நாள் கறுப்பிக்கு அடியில் கீச்சுச் சத்தம். பதினொன்றில் ஒன்பது. புருஷன் எழுந்து உட்கார்ந்து எண்ணினார்.

கதை இங்கே முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போன கலவைக்காரி காலி மனையைப் பார்த்துக் குடத்தை இறக்கி வைத்தாள். சிமெண்டுத் தரையில், மரநாய்த் தடத்தின் மேல் ஒரு பூ. பக்கத்தில் ஊதுவத்தி. முன்னால் சைக்கிள் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், ஒழுங்கான வரிசை.

"உண்மையைக் காட்டின கல்லும்மா," என்றார் அவர் உருக்கமாக. "ஒரு துண்டு பேத்துக் கொடுத்தா கூண்டுல கட்டிக்குவேன்."

கலவைக்காரி வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தாள். நாலு போடு. செருப்பு, மரநாய், பூ எல்லாம் சில்லு சில்லாயின. சில்லுகளைச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள், கூண்டுக்குத் தரை போட ஆகும்.

"கும்பிடறதுக்கு இவ்வளவு குனியிறீங்களே," என்றாள், சாய்ந்த கழுத்தோடு. "அதே மாதிரி குனிஞ்சு கண்ணைத் தொறந்து கீழ என்ன இருக்குன்னு பாத்திருந்தா, ஊர்ல பாதிக் கோழிக்கு இந்நேரம் தலை இருந்திருக்கும். உங்களுக்கும்தான்."