ஏழு நிமிஷக் கடிகாரமும் நாற்பத்து மூன்று கடைசிப் பெட்டிகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். சின்னவனும் நலம் என்று சின்னவன் சொல்கிறான். கண் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குக் காது கேட்கிற நாளில் லைன் கிடைப்பதில்லை, லைன் கிடைக்கிற நாளில் நீ என்னை "யாரு, பால்காரரா?" என்கிறாய். அதனால் கடிதம்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணும் அதே தண்டவாளத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை ஆபரேஷன் என்று டாக்டரம்மா நாள் குறித்துக் கொடுத்தும் இவன் மாட்டேன் என்கிறான். மேலும் தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நீ நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். ஊசிக்குப் பயந்த பெரிய பெரிய மீசைக்காரர்களை ஒரே பார்வையில் குப்புறப் படுக்க வைத்தவள். நீ ஒரு வரி எழுதினால் போதும், அவன் கேட்பான்.

சுருக்கம் முடிந்தது. இனி விளக்கம்.

பார்வை எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். போன திங்கட்கிழமை அவன் தூரிகையை என் டீயில் நனைத்து ஒரு கூட்ஸ் பெட்டி முழுவதையும் வரைந்து முடித்தான். நான் அவன் தூரிகை கழுவிய தண்ணீரில் பாதியைக் குடித்திருந்தேன். "என்னடா இது, டீ இப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "வண்டி நல்லா வந்திருக்குண்ணே, துருப்பிடிச்ச நிறம் இவ்ளோ நாளா கிடைக்கவே இல்ல" என்றான். உண்மையைச் சொன்னால் வண்டி நன்றாகத்தான் வந்திருந்தது. அது வேறு விஷயம். இரண்டாவது உதாரணம், புகை. மெல்லிய புகை கண்ணுக்குப் பிடிபடாததால், நீராவி எஞ்சின் புகை எப்படிச் சுருளும் என்று பார்ப்பதற்காக இவன் மொட்டை மாடியில் ஈரச் சாக்கைக் கொளுத்தினான். கீழே தையல் கடைக்காரர், தைத்து மாட்டியிருந்த சட்டைகளையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் குழாயோடு மாடிக்கு வந்து நின்றால், இவன் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், அஞ்சே அஞ்சு நிமிஷம் பொறுங்க, இப்பதான் நல்ல புகையா வருது" என்கிறான். அந்த அதிகாரி என்னைப் பார்த்து, "இவர் யாரு சார் உங்களுக்கு?" என்று கேட்டார். அக்கா, ஒரு கணம், ஒரே ஒரு கணம், வாடகைக்கு இருக்கிறவர் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. தம்பி என்றுதான் சொன்னேன். தையல்காரர் இன்னும் என் கால்சட்டையைத் திருப்பித் தரவில்லை.

இதெல்லாம் பழகிப்போனதுதான். பழைய ஸ்டேஷன்களையும் ரயில்களையும் தவிர அவன் வேறெதையும் வரைந்ததில்லை என்பது உனக்கே தெரியும். சிரமம் புதுப் படத்தால் வந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களின் சங்கம் போன மாதம் தங்கள் கூடத்தில் அவன் படங்கள் நாற்பத்து மூன்றையும் வரிசையாக மாட்டியது. பார்க்க வந்த ஒரு சின்னப் பெண் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவனிடமே வந்து, "தாத்தா, ஏன் எல்லாப் படத்துலயும் கடைசிப் பெட்டி மட்டும்தான் இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவன் குனிந்து, "முன்னாடி இருக்கற பெட்டியெல்லாம் போயிடுச்சும்மா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் அந்தப் படங்களோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கு, முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கு, நாற்பத்து மூன்று வரை எண்ணத் தெரிந்திருக்கிறது, அவை எல்லாமே கடைசிப் பெட்டிகள் என்று கவனிக்கத் தெரியவில்லை.

அன்றைக்கே சங்கத்துத் தலைவர், நிற்கிற ரயில் ஒன்று வேண்டும் என்று கேட்டார். இவனும் சரி என்றான். அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த நம் ஸ்டேஷனைத்தான் வரைந்திருக்கிறான். பிளாட்ஃபாரம், சிமெண்ட் பெஞ்சு, எடை பார்க்கிற மிஷின், பச்சைக் கொடியோடு அப்பா நிற்கும் இடம், எல்லாம் அப்படியே. நீ ஊரை விட்டுப் போன அன்றைய ரயில் நிற்கிறது. ஒரு பெட்டியில் பன்னிரண்டு ஜன்னல். பன்னிரண்டும் காலி. மூன்று வாரமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். "இதை முடிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரி" என்கிறான். "கண்ணு தெளிஞ்சா நல்லாத்தானேடா வரைவே?" என்றேன். "தெளிஞ்சா இன்னிக்கு இருக்கறதுதான் தெரியும்ணே. எனக்கு அன்னிக்கு இருந்தது வேணும்" என்றான். "அக்கா எந்த ஜன்னல்ல உட்கார்ந்திருந்தான்னு தெரியலையா?" என்று கேட்டேன். அவன் எழுந்து போய் டீ கிளாஸைக் கழுவினான். அவன் தானாகப் போய்க் கிளாஸ் கழுவினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அவனுக்கு ஏன் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

நம் குவார்ட்டர்ஸ் சுவர்க் கடிகாரத்தை அம்மா எப்போதும் ஏழு நிமிஷம் முன்னால் வைத்திருப்பாள், ஞாபகமிருக்கிறதா? ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் யாரும் எதற்கும் தாமதமாகக் கூடாது என்று அவள் செய்த ஏற்பாடு. ஆனால் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் எல்லோரும் மனதுக்குள் ஏழைக் கழித்துக்கொண்டு வழக்கம் போலத் தாமதமாகவே கிளம்புவோம். நீ நர்ஸ் படிப்புக்கு ரயிலேறிய அன்று காலையில் என்னை நேர்மை பீடித்துக்கொண்டது. பதிமூன்று வயது. பொய் நேரம் காட்டுகிற கடிகாரம் ஒரு கணக்குப் பையன் வீட்டில் இருக்கலாமா என்று, ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்டேஷன் மணியோடு ஒப்பிட்டு, ஏழு நிமிஷத்தைத் திருத்திவிட்டுப் பரீட்சைக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் வண்டி நாலு பத்துக்கு. நீ போவதால் கோபித்துக்கொண்டு சின்னவன் ஸ்டேஷனுக்கு வராமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். எட்டு வயது. சுவரில் நாலு பத்து காட்டினால் உண்மையில் நாலு மூன்று, ஓடினால் ஒரு நிமிஷம், நிறைய நேரம் இருக்கிறது என்பது அவன் கணக்கு. கணக்கு சரி. கடிகாரம்தான் மாறிவிட்டது. சாயங்காலம் நான் வந்து, "அக்காவை வழியனுப்பினியாடா?" என்று கேட்டேன். "கடைசிப் பெட்டியைப் பாத்தேன்" என்றான். யாரும் இல்லாதபோது நான் கடிகாரத்தை மறுபடி ஏழு நிமிஷம் முன்னால் வைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் ரயில் கணக்குகள் போட்டிருப்பேன்! ஒரு ரயில் ஒரு கம்பத்தை இத்தனை நொடியில் கடந்தால் அதன் நீளம் என்ன என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், கம்பத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பையன் நிற்பான். அவனைக் கணக்கில் சேர்க்காமலே விடை சொல்லிவிடுவேன்.

ஆகவே அக்கா, நீ இரண்டு உதவி செய்ய வேண்டும். ஒன்று, எந்த ஜன்னல் என்று எழுது. எஞ்சின் பக்கமிருந்து எண்ணு, இல்லாவிட்டால் குழப்பம் வரும். இரண்டு, கண்ணைப் பற்றி அவனை நன்றாகத் திட்டி எழுது. கடிகார விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. இனி என்னை வெறுப்பதற்கு அவனுக்கு நேரம் போதாது. படமே நிறைய பாக்கி இருக்கிறது.

உறையின் மேல் விலாசத்தைச் சின்னவன்தான் எழுதுகிறான். என் எழுத்து உன் தபால்காரருக்குப் புரிவதில்லையாம். உள்ளே இருப்பதை அவன் பார்க்காதபடி நானே ஒட்டித் தருகிறேன். முழங்காலைக் கவனித்துக்கொள். உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் என் அன்பைச் சொல், தபால்காரருக்கும் சொல்.

என்றும் உன் சொல் கேட்கும்,
பெரிய தம்பி

பின்குறிப்பு: அக்கா, இது சின்னவன். ஒட்டின கவரைப் பிரிச்சது தப்புதான். ஆனா அண்ணன் எப்பவுமே ஒரு ஓரம்தான் பசை தடவுவார். அன்னிக்குக் கடிகாரத்துக்குக் கீழே ஸ்டூல் அப்படியே கிடந்தது, அதைப் பாத்ததுமே அவர் திருத்தியிருக்கார்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான் நேரத்துக்கு வந்துட்டேன். எடை மிஷினுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். நீ ஜன்னல்ல தலையை நீட்டி என்னைத் தேடினே. அப்பாவும் கொடியை அசைக்காம நாலு பக்கமும் பாத்தார். வெளிய வந்தா அழுதுடுவேன்னு கடைசிப் பெட்டி தாண்டற வரைக்கும் அங்கயே நின்னேன். ஜன்னல் எஞ்சின் பக்கமிருந்து நாலாவது. மூணு வாரமா வரையாம இருந்தது தெரியாம இல்ல, உன் மூஞ்சி சரியா வரலேன்னா என்ன பண்றதுன்னுதான். அண்ணன் கவரை ஒட்டித் தந்தப்புறம் நேத்து ராத்திரி வரைஞ்சிட்டேன். வந்திருக்கு. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீ திட்ட வேண்டாம். அண்ணன்கிட்ட இதையெல்லாம் கண்ணுக் கட்டு பிரிச்சப்புறம் நானே சொல்லிக்கறேன். மனசு உறுத்தறப்போ டீ ரொம்ப நல்லாப் போடறார். படத்துல எடை மிஷினுக்குக் கீழே ஒரு சின்னச் செருப்பு மட்டும் தெரியும். தினமும் அதுக்கு முன்னாடிதான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், இன்னும் பார்க்கல.