பிடில்காரர் சங்கமும் பிரிஜெட் அம்மாளும்

ரிச்சர்ட்ஸ் டவுனில் பிடில் செய்யும் அலெக்சாண்டர், தலைவராகியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையின் நடுவில் முடிவு செய்தார். எதற்குத் தலைவர் என்பது, பாட்டு முடிவதற்குள் தோன்றிவிட்டது. அது ஐம்பத்தாறாம் வருஷம். பெங்களூரில் பால்காரருக்குச் சங்கம் இருந்தது, ஜட்காகாரருக்குச் சங்கம் இருந்தது. பிடில் செய்கிறவருக்கும் வில் கட்டுகிறவருக்கும்தான் நாதியில்லை. ரேஷன் கார்டில் அவர் பெயர் குடும்பத் தலைவர் என்று இருந்தது வாஸ்தவம். அதை ரேஷன் கடைக்காரரைத் தவிர யாரும் நம்பவில்லை.

மறுநாளே ஜீவனஹள்ளிக்குப் போய், வில் செய்யும் நாராயணசாமியைப் பிடித்தார்.

"மரத்தைத் தனித்தனியா வாங்குறதாலதான் நமக்கு மட்டமான மரம் வருது. ஒண்ணாச் சேர்ந்து வாங்குவோம். ஒருத்தர் படுத்துட்டா அவர் வேலையை மத்தவங்க முடிச்சுக் குடுப்போம்."

"நல்ல யோசனை சார். சங்கத்துக்குப் பேரு?"

"பிடில், வில் சங்கம்."

"வேகமாச் சொன்னா வில்லங்கம்னு கேக்குது சார்."

"நீ மெதுவாச் சொல்லு."

நாராயணசாமி குரலைத் தாழ்த்தினார். "பொம்பளைங்களும் வந்து உக்காந்துட்டா? எங்க ஜானகி இருந்தா நான் வாயே தெறக்க முடியாது, பேஜாராயிடும்."

"பொண்டாட்டி வரக்கூடாதுன்னு எழுதினா சண்டை. அதையே சுத்தி எழுதினா சட்டம்" என்றார் அலெக்சாண்டர். எழுதியும் விட்டார்: 'பிடிலிலோ வில்லிலோ தம் கையால் வேலை செய்து, எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டுபவரே உறுப்பினர்.'

வீட்டுக்கு வந்து மனைவி பிரிஜெட்டிடம் காட்டினார். அவள் கொல்லையில் உட்கார்ந்து, வில்லில் கட்டுவதற்காகச் சோப்பு போட்டு அலசிய குதிரை வால் முடியைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"ரொம்ப நல்ல ரூலுங்க. இதை யாரு சொன்னாலும் மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன்."

"மாதா மேல ஆணையா?"

"மாதா மேல ஆணை!"

"அப்ப குடுங்க, நானே அழகா எழுதித் தரேன்."

இருபது வருஷத்தில் தன் யோசனை ஒன்றை அவள் பாராட்டியது அதுவே முதல் தடவை. அலெக்சாண்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் கூட்டம் அலெக்சாண்டர் வீட்டு முன்னறையில் நடந்தது. ஆறு ஆண்கள். பிடில் கச்சேரி செய்யும் கஸ்தூரிரங்கன், வேலையைப் பார்த்துச் சொல்ல வந்திருந்தார். ஆறு பேரும் செதுக்கிக் காட்டி, ஒட்டிக் காட்டித் தேறினார்கள். அலெக்சாண்டர் தொண்டையைக் கனைத்து, "இனி தலைவர் தேர்தல்" என்றார்.

"இன்னும் மூணு பேரு பாக்கி" என்று உள்ளேயிருந்து பிரிஜெட் வந்தாள். பின்னாலேயே ஜானகி, இன்னொரு உறுப்பினரின் மனைவி ஸ்ரீராம்புரத்துச் சந்திரம்மா. ஆளுக்கொரு மொட்டை வில், ஒரு கற்றை முடி.

"என்ன இது பிரிஜெட்?"

"ரூலுங்க."

ஜடை பின்னிப் பழகிய விரல்கள். ஒரு முடி இன்னொன்றின் மேல் ஏறவில்லை. மூன்று விற்களும் கட்டி முடிந்தன. கஸ்தூரிரங்கன் பிரிஜெட்டின் வில்லை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தார். அறை சிலிர்த்தது.

"ஏன் ஓய், இத்தனை வருஷமா எனக்கு முடி கட்டிக் குடுத்தது நீர்னு நெனச்சேனே?"

"வீட்டுலதான் சார் கட்டினது" என்றார் அலெக்சாண்டர், தரையைப் பார்த்து.

தேர்தலுக்கு நின்றது இருவர். அலெக்சாண்டர், பிரிஜெட். அவர் மனக்கணக்குப் போட்டார். ஆண்கள் ஆறு, பெண்கள் மூன்று. ஜெயம் நிச்சயம். சீட்டு எழுதும்போதுதான் மனசு இளகியது. பாவம், கொல்லை வெயிலில் எத்தனை முடி அலசியிருப்பாள்! நம் ஓட்டு ஒன்றை அவளுக்குப் போட்டால்கூட ஐந்துக்கு நாலு. போட்டுவிட்டார்.

"எண்ணி முடிக்கிறதுக்குள்ள அடுப்புல இருக்கிற டீயை எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள் பிரிஜெட்.

தட்டில் பத்து டம்ளரோடு அவர் திரும்பியபோது ஜானகி முடிவை வாசித்தாள். "பிரிஜெட் அம்மா, ஒம்பது. அலெக்சாண்டர் சார், ஒண்ணும் இல்லை."

"நாராயணசாமி, நீயுமா?"

"சீட்டை எண்ணுறது ஜானகியாச்சே சார்" என்று முணுமுணுத்தார் அவர். "என் கையெழுத்து அவளுக்குத் தெரியுமே. மத்தவங்களைப் பத்தி நான் சொல்ல மாட்டேன்."

பிரிஜெட் ஒன்பது சீட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, கணவரை ஒரு பார்வை பார்த்து, மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு ஓட்டுகூடப் போடலாம் என்று அலெக்சாண்டருக்குத் தோன்றியது. அதற்குள் அவள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் தீர்மானம். கூட்டத்துக்கு டீ, பலகாரம், பாத்திரம் கழுவுறது எல்லாம் இனிமே அலெக்சாண்டர் பொறுப்பு. ஆட்சேபணை இருக்கிறவங்க கையைத் தூக்கலாம்."

அலெக்சாண்டரின் இரண்டு கையிலும் டீத் தட்டு இருந்தது.