அம்மா துவைத்துப் போட்ட ஆராய்ச்சி

தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்து ஊர்,
வியாழக்கிழமை.

டெல்லியில் அமர்ந்துகொண்டு இப்பெருநாட்டின் வளத்தையும் காற்றையும் எந்திரங்களையும் ஒரே புத்தகத்துக்குள் அடைக்கப் பாடுபடும், என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய முனைவர் துளசிராமன் மாமா அவர்களுக்கு, தங்கள் மச்சான் தேசப்பனின் மூத்த மகளும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியுமான தேவதர்ஷினி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் அங்கே சுகமாயிருக்க எங்கள் ஊர் அம்மனை வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. ஆனால் நாங்கள் நலமா இல்லையா என்று சொல்லவேண்டியது எங்கள் மொட்டை மாடியில் நீங்கள் வைத்த பெட்டி. அந்தப் பெட்டி பொய் சொல்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனை அத்தை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அப்புறம் உண்மை ஆராய்ச்சிக்குப் போகாமல் சொந்தக்காரர் ஊடு ஊடாகப் போகும். எனவே உங்கள் ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன். எழுதுவது தர்ஷினி என்றதும் விளையாட்டு என்று மடித்து வைத்துவிடாதீர்கள். போன பொங்கலுக்கு உங்கள் மூக்குக் கண்ணாடியை மாட்டுக்கு மாட்டிப் படமெடுத்தது விளையாட்டு. இது வினை.

நாடு முழுக்கக் காற்றை அளக்கிறேன் என்று இமயமலையில் ஒரு பெட்டி, ராஜஸ்தான் மணலில் ஒரு பெட்டி, அத்தை சிபாரிசில் எங்கள் மாடியில் ஒரு பெட்டி என்று வைத்தீர்கள். வாடகை கேட்கவில்லை, கரண்டு காசு கேட்கவில்லை, மாப்பிள்ளை பொருள் என்று நைனா அதற்கு ஒரு தகரக் கூரைகூடப் போட்டுக் கொடுத்தார். உள்ளே சின்ன விசிறி காற்றை இழுக்கிறது, பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை வட்ட வடிகட்டி தூசியைப் பிடித்துக்கொள்கிறது, மாதம் ஒருமுறை உங்கள் மாணவி காயத்ரி அக்கா ஸ்கூட்டியில் வந்து அதைக் கழற்றிப் புதிது மாட்டிவிட்டு, பழையதை ஆய்வகத்துக்கு அனுப்பி எடை போடுகிறார். அழுக்கு எவ்வளவோ அவ்வளவு மாசு. சின்னப் பிள்ளைக்கும் புரியும். இதுவரை சரி.

போன மாதம் நீங்கள் எழுதிய அத்தியாயத்தை அத்தை குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அதில் முனைவர் முனைந்து எழுதியிருந்தது: "தேர்வாய் கண்டிகையை ஒட்டிய இச்சிற்றூரின் காற்று, மலை வாழிடங்களின் காற்றுக்கு நிகரான தூய்மை கொண்டது." கூடவே நாட்டு வரைபடம். டெல்லி சிவப்பு, கான்பூர் சிவப்பு, நாங்கள் மட்டும் பச்சைப்பசேல். நைனா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "டேய், இனிமே எவனும் டூர் போவ வேணாம், நம்ப ஊட்டுலயே ஊட்டி!" என்று சிரித்தார். அவர் வாசித்து முடிக்கும் வரை என் தங்கை பூமிகா மூலையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறவள் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் உறிஞ்சுகிற மருந்துக் குழல் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள் மாமா. ரோட்டுக்கு அந்தாண்டை இருக்கும் இரும்பு உருக்கும் ஆலை புகைவிட ஆரம்பித்தால், கொடியில் காயும் என் வெள்ளைச் சட்டை எலிக்குஞ்சு நிறத்துக்கு வந்துவிடும். நாற்று இலையைத் தொட்டால் விரலில் மை. இந்த ஊர் எப்படி மலை வாழிடம் ஆனது? மலை மலையாகப் புகையா?

சந்தேகம் வந்ததும் நான் மாடிப்படியில் ஒளிந்து உட்கார்ந்தேன். காயத்ரி அக்கா மறுநாள் வருவதாகப் போன் செய்திருந்தார். அம்மா கையில் வாளியோடு மேலே வந்தார், புடவையைச் செருகினார், பெட்டியைத் திருகி வடிகட்டியை வெளியே எடுத்தார், சோப்புப் போட்டு நாலு கும்மு கும்மினார், அலசினார், கடைசியில் சொட்டு நீலம் போட்டு முக்கிப் பிழிந்து என் சட்டைக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். நான் அலறிவிட்டேன்.

"அம்மா! இன்னாம்மா பண்ற?"

"கண்ணு தெரியல? தொவைக்கிறேன்."

"அத்த எதுக்கு தொவைக்கிற?"

"இன்னாடி கேள்வி இது? அண்ணன் ஆபீசுக்குப் போற சாமான். கரிச்சட்டி கணக்கா குட்த்தனுப்பினா அங்க இன்னா பேசுவாங்க? தேசப்பன் பொண்டாட்டி சுமலதாவுக்கு ஊடு வாசல் சுத்தமா வெச்சிக்கத் தெரியலன்னு உங்க அத்தை தீவாளி வரைக்கும் சொல்லிக்கினு இருக்கும்."

"ஒவ்வொரு மாசமுமா தொவைச்ச?"

"பின்ன? அந்தப் பொண்ணு வரும்போது ஒரு நாளாவது அழுக்கா இருந்துதான்னு கேட்டுப் பாரு" என்றார், பெருமையாக.

ஆக, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள்போல நீங்கள் அம்மா வெளுத்ததையெல்லாம் காற்று என்று நம்பிவிட்டீர்கள். தூய்மை செய்தே அம்மா வாய்மையைத் தீர்த்துக்கட்டிவிட்டார். அழுக்குதான் ஆராய்ச்சி என்று அவருக்குப் புரியவைக்க அந்தச் சாயங்காலம் முழுக்க ஆனது. புரிந்ததும் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஏனென்றால் அந்த ஆலையை இன்னும் ஒரு மடங்கு பெரிதாக்கப் போகிறார்களாம், அதற்கு அடுத்த மாதம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறது. அங்கே எங்கள் ஊர்க்காரர் எழுந்து "புகை தாங்கலீங்க" என்றால், எதிர்ப்பக்கம் உங்கள் பச்சை வரைபடத்தை விரித்துக் காட்டினால் போதும், கூட்டம் முடிந்தது. இதை அம்மா பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் பெரியப்பாவிடம் சொல்லி அழுதார். அங்கேதான் பேஜாரு ஆரம்பம்.

ஏனென்றால் எங்கள் ஊர் உதவி செய்யும் ஊர். தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தால் விசாரிக்காது, கை கொடுக்கும். காயத்ரி அக்கா புது வடிகட்டி மாட்டிவிட்டுப் போனாரா, மறுநாள் நான் ஸ்கூல் விட்டு வந்து பார்க்கிறேன், பெரியப்பாவின் டிராக்டர் எங்கள் சுவரை ஒட்டி நின்று மாடியைப் பார்த்துக் கரும்புகை விட்டுக்கொண்டிருக்கிறது, மாடியில் செல்லியம்மாள் சித்தி ரைஸ்மில் உமிச்சாம்பலை முறத்தில் வைத்துப் பெட்டிக்கு நேராகப் புடைத்துக்கொண்டிருக்கிறார், கீழ்த்தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று கோணிப்பை உதறுகிறார்கள், இவ்வளவு நாள் துவைத்த பாவத்துக்குப் பரிகாரமாக அம்மா பெட்டியைச் சுற்றிச் சாம்பிராணி போடுகிறார், இத்தனைக்கும் நடுவில் பூமிகா என் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுக்கிறாள். நான் ஓடிப்போய் டிராக்டர் சாவியைப் பிடுங்கினேன்.

"பெரிப்பா, இன்னா அநியாயம் இது?"

"இன்னா அநியாயம்? அழுக்கு வேணும்னா மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஒரு ஊரே இருக்கோம்."

"ஆலை அழுக்குதான் வேணும். நம்ப அழுக்கு இல்ல."

"ஏம்மே, அழுக்குல இன்னா ஜாதி? அவன் வருசக்கணக்கா நமக்கு ஊதுறான், நாம ஒரு வாரம் பொட்டிக்கு ஊதுனா தப்பா? நம்ப பக்கம் கோல் உழுந்தா சந்தோசப்படுவியா, உட்டுட்டு ரெப்ரீ மாதிரி விசில் ஊதிக்கினு நிக்கிற."

"கூட்டத்துல அவங்க வக்கீல், 'இது உமிச்சாம்பல், இது டீசல், இது சாம்பிராணி'ன்னு பிரிச்சி வெச்சான்னா இன்னா பண்ணுவ? உன் டிராக்டரயும் கூண்டுல ஏத்துவாங்க. அப்பால பூமிகா நெசமா இருமினாக்கூட நடிக்கிதுன்னு சொல்வாங்க."

பெரியப்பா கை நீட்டிச் சாவியைத் திருப்பி வாங்கினார். டிராக்டரை ஓட்டிக்கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். ஆனால் ஊதியது ஊதியதுதான். அந்த மாத வடிகட்டியைக் கழற்றிய காயத்ரி அக்கா அது வடிகட்டியா தோசைக்கல்லா என்று என்னையே கேட்டார். ஆய்வகம் எடை போட்டது. உடனே உங்களிடமிருந்து நைனாவுக்கு மெயில்: பக்கத்தில் சுரங்கம் ஏதாவது தோண்டுகிறார்களா, காட்டுத்தீ உண்டா, பூமிக்கடியில் எரிமலை உண்டா, ஒரே மாதத்தில் மலை வாழிடம் இப்படி ஆனது உலக ஆராய்ச்சியிலேயே புதுமை, இதற்கென்று தனிக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன், என்று. மாமா, தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் எரிமலை என்று எழுதப்போவது முனிகிருஷ்ணன் பெரியப்பாவின் சைலன்சர். பச்சை வரைபடம் அம்மாவின் சோப்பு. இரண்டுமே புள்ளிவிவரம் இல்லை, ஒன்றில் புள்ளி இல்லை, மற்றதில் விவரம் இல்லை.

நான் முடிவு செய்துவிட்டேன். உண்மையான அழுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும்தான் அந்தக் கூட்டத்துக்குப் போகவேண்டும், ஒரு சிட்டிகை கூடாமல், ஒரு சிட்டிகை குறையாமல். மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். தாலி மாதிரி இருக்கிறது என்று நைனா கிண்டல் செய்கிறார், செய்யட்டும். காலையில் கெமிஸ்ட்ரி, மாலையில் கணக்கு, எல்லாப் படிப்பும் பெட்டிக்குப் பக்கத்தில்தான். அம்மா வத்தல் காயவைக்க வந்தால்கூடப் பையைச் சோதித்துத்தான் விடுகிறேன், போன ஞாயிறு சோப்புக்கட்டி ஒன்று பிடிபட்டது. "பழக்க தோசம்டி" என்றார். பதினெட்டு ஆகாதவளுக்குக் கூட்டத்தில் மைக் தரமாட்டார்கள் என்று நைனா சொன்னார். என் தொண்டைக்கு எதுக்கு மைக்?

ஆகவே தாங்கள் செய்யவேண்டியது: அந்தப் பச்சை அத்தியாயத்தையும் எரிமலைக் கட்டுரையையும் கிழித்துவிடுங்கள். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு தாங்களே புது வடிகட்டியோடு நேரில் வாருங்கள். ஊர் பார்க்க மாட்டுங்கள், பூட்டுங்கள், ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கிக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பெருநாட்டை முழுக்க அளப்பவருக்கு ஒரே ஒரு மாடி ஏறுவது கஷ்டமாக இருக்காது. காரணம் சொல்லாமல் டிக்கெட் போடச் சொல்லி அத்தையிடமும் போனில் சொல்லிவிட்டேன். வந்தே ஆகவேண்டும் மாமா. நீங்கள் வராமல் பூமிகாவுக்கு மூச்சு வராது.

அத்தைக்கு என் வணக்கம். அவர் சோபா உறை துவைக்கும்போது எங்களை நினைத்துக்கொள்ளட்டும். தங்கள் புத்தகம் கனமாகவும், எங்கள் காற்று லேசாகவும் அமைய வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் மச்சான் மகள்,
மாடிக் காவல் அதிகாரி,
தே. தேவதர்ஷினி

பி.கு.: கவரில் போட்டு ஒட்டிய இந்தக் கடிதம் என் பையிலேயே கிடந்துவிட்டது, அதற்குள் எல்லாம் தலைகீழ். பிரித்து இதையும் எழுதி ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். நீங்கள் வருவதாக அத்தை அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார், அம்மா அதை எதிர் வீட்டு மதன் அண்ணன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், மதன் அண்ணன் வேலை பார்ப்பது அதே ஆலையில். அங்கே போய்ச் சேரும்போது நீங்கள் "டெல்லியிலேர்ந்து வர்ற பெரிய ஆபீசர்" ஆகிவிட்டீர்கள். இப்போது ரோட்டில் தண்ணி லாரி புழுதி அடக்குகிறது, ஆலை வாசலில் பூந்தொட்டி, வாட்ச்மேனுக்குப் புதுச் சட்டை. "கரண்டு செலவுன்னு ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்கல்ல, பொகையப் புடிக்கிற மெஷினு, அத்தயும் போட்டு உட்டுட்டாங்கம்மே. புத்தம் புதுசா ஓடிக்கினு கீது" என்கிறார் மதன் அண்ணன். இருந்திருக்கிறது மாமா! வாங்கி வைத்தே இருந்திருக்கிறார்கள்! என் சட்டை வெள்ளையாகக் காய்கிறது. நீங்கள் வந்து அளந்தால் நிஜமாகவே ஊட்டிதான் வரும், போய்விட்டால் மறுநாளே மெஷினை நிறுத்திவிடுவார்கள். ஆகவே மேலே உங்களை வரச் சொல்லி எழுதியது அத்தனையும் ரத்து. டிக்கெட்டைக் கேன்சல் செய்யுங்கள், ஆனால் செய்ததாக அத்தையிடம் சொல்லாதீர்கள். இந்த வாரம் இருமாத பூமிகா இப்போது என் தோளில் தொங்கிக்கொண்டு நச்சரிக்கிறாள்: "அக்கா, மாமாவ டெய்லி நாளைக்கி வர்றேன்னு சொல்லிக்கினே இருக்கச் சொல்லு."