கம்பெனிக்கு எத்தனை வாய்?

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் யாரிடம் வேண்டுமானாலும் வாய்க்கு வந்ததைப் பேசலாம், 'சொன்னீங்களே'விடம் மட்டும் பேசக் கூடாது. அவருக்கு வணக்கம் சொல்வதென்றால்கூட ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு சொல்வது நல்லது.

குருவிநத்தத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவர். நான் வேலை பார்த்த கடையின் பில்லில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் எந்த ஆபீஸ் படியேறினாலும் "அன்னைக்கு சொன்னீங்களே!" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அந்த வார்த்தையே பெயராகிவிட்டது. சொன்னவருக்கு ஞாபகமிருக்காது, இவருக்கு இருக்கும். அவருடைய சட்டம் ரொம்பச் சுலபம். ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் எதைச் சொன்னாலும் அது கம்பெனியே சொன்னது. மேனேஜர் சொன்னாலும் சரி, வாட்ச்மேன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாலும் சரி.

ஒருமுறை பேங்கில் புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் இவரைப் பார்த்துச் சிரித்து, "உங்க வீடு மாதிரி நெனச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் நல்ல கத்திரி வெயில். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். ஏ.சி.க்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். துண்டை உதறித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கியும் விட்டார். காவல்காரர் தட்டி எழுப்பியதற்கு, "யோவ், வூட்டுல தூங்கறவன எவனாச்சும் எழுப்புவானா?" என்று கோபித்துக்கொண்டாராம். கருவாட்டு வாசனை மூன்று நாள் பேங்கிலேயே இருந்தது.

இன்னொரு முறை போன் கம்பெனிக்கு ரீசார்ஜ் விஷயமாகப் பேசியிருக்கிறார். வேலை முடிந்தது. அந்தப் பெண் வழக்கம்போல், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஆமாம்மா. நேத்துலேர்ந்து மாடு அசை போடல. இன்னா பண்றதுன்னு தெரியல."

அவளும் ஏதோ மாடு வளர்க்கிற வீட்டுப் பெண் போலிருக்கிறது. இரக்கப்பட்டுக் கைவைத்தியம் ஒன்றைச் சொன்னாள். மாடும் சாயங்காலம் அசை போட்டது. அன்றிலிருந்து அவர் அந்த சிம்மை மாற்றவே இல்லை. அதற்கு ஆற்றங்கரை மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். யாரோடு பேசுவதென்றாலும் மேட்டுக்குத்தான் போவார். "மாட்டுக்கு வைத்தியம் பாக்குற கம்பெனி வேற ஒண்ணு காட்டு, மாத்திக்கிறேன்" என்பார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் எங்களிடம் வந்து சேர்ந்தார். தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு மோட்டார் கம்பெனியின் ஷோரூம் இருந்தது. அங்கே நான் பில் போடுகிறவன். விற்பனைக்கு மடுகரையிலிருந்து வருகிற கலைவாணி. வாய் ஓயாத பெண், மனசு வெல்லம். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, தம்பியும் காலேஜுக்குப் போனான்.

'சொன்னீங்களே' வயல் போர்வெல்லுக்கு மோட்டார் வாங்க வந்திருந்தார். எல்லாவற்றையும் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"எங்க ஊர்ல வோல்டேஜ் ஏறும், எறங்கும். எரிஞ்சி போச்சுன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

"எரிஞ்சா இன்னா பெரியப்பா? கம்பெனி புதுசு குடுத்துட்டுப் போவுது! கவலைப்படாம எடுத்துட்டுப் போங்க!"

அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவளோ எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து ஃபேனைக் குறைத்தாள்.

மோட்டார் எரிந்தது. அதுவும் நாற்றங்கால் விட்டிருந்த நேரத்தில். சாக்கில் சுற்றி மொபெட்டில் கொண்டுவந்து, கடை நடுவில் இறக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் உத்தரவாத அட்டையை எடுத்துக் காட்டினார்.

"வோல்டேஜ்ல எரிஞ்சா கம்பெனி பொறுப்பில்லன்னு அச்சடிச்சிருக்கே, பெரியவரே!"

"அச்சடிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்து சொல்லுச்சு."

"பேச்சுவாக்குல ஸ்டாஃப் சொல்றதெல்லாம் கம்பெனி வாக்கு ஆயிடுமா?"

"ஏன் ஆவாது? காச இந்தப் பொண்ணு கையிலதான குடுத்தேன்? அப்ப மட்டும் அது கம்பெனி கை. வாய் மட்டும் வேற யாரு வாயா? உங்க கம்பெனிக்கு எத்தன வாய்ப்பா?"

மேனேஜர் அட்டையை மறுபடி புரட்டினார். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

மறுநாளும் வந்து உட்கார்ந்தார். மோட்டார் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தன் கதையைச் சொன்னார். வந்தவர்கள் கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். நடுநடுவே, "ரெண்டு நாள்ல தண்ணி வுடலன்னா நாத்து கருகிடும்பா" என்று என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த வருஷத்துச் சாப்பாடே அந்த நாற்றில்தான் இருந்தது. கலைவாணி பாதி ஆளாகிவிட்டாள். ஆனாலும் வேளாவேளைக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அவரும் "சக்கர கம்மியா" என்று உரிமையோடு வாங்கிக் குடித்தார்.

விஷயம் மேலே போய், சென்னையிலிருந்து ஏரியா மேனேஜர் காரில் வந்து இறங்கினார். இஸ்திரி கலையாத மனிதர்.

"ஐயா, கம்பெனி பேர் கெடக் கூடாது. உங்களுக்கு இன்னைக்கே புது மோட்டார் குடுத்துடறோம்."

'சொன்னீங்களே' எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். முகத்தில் தேர்தலில் ஜெயித்த களை. ஏரியா மேனேஜர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் எங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. புதுசு தருவோம்னு இந்தப் பொண்ணுதானே வாக்குக் குடுத்தது?"

"எதுக்கு கேக்கறீங்க?"

"இல்லாத வாக்கைக் குடுத்த ஸ்டாஃபை வச்சிக்க முடியாதில்லையா? இன்னையோட அனுப்பிடுவோம்."

கலைவாணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். பிறகு மடித்துக் கட்டிய வேட்டியை மெதுவாக இறக்கிவிட்டார்.

"இந்தப் பொண்ணா? இது ஒண்ணும் சொல்லலியே!"

ஏரியா மேனேஜர் எங்கள் மேனேஜரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

அதற்குள் கலைவாணி அழுதுகொண்டே முன்னால் வந்துவிட்டாள். "இல்ல சார், நான்தான் சொன்னேன். பெரியப்பா பொய் சொல்றாரு."

"நீ சும்மா இரும்மா! வாங்கனவன் நானு. நீ இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியாதா?"

"சொன்னேன் பெரியப்பா!"

"சொல்லல!"

"ஐயோ, சொன்னேன்!"

வாடிக்கையாளர் சொன்னார்கள் என்பார், ஊழியர் சொல்லவில்லை என்பார். ஏரியா மேனேஜர் தன் சர்வீஸ் முழுக்க அதைத்தான் பார்த்திருப்பார். இது தலைகீழாக இருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டு நாளா இங்க எதுக்குய்யா உக்காந்திருந்தீங்க?"

"இங்க காத்து நல்லா வருது."

புகாரே இல்லை என்றால் விசாரணை எதற்கு? ஏரியா மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார். புது மோட்டாரும் போனது, கலைவாணியின் வேலை தங்கியது. எரிந்த மோட்டாரை மொபெட்டில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். பழைய மோட்டாருக்கே புதுக் காயில் கம்பி கட்டிப் பார்க்கிறேன் என்றார். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"ஜெயிச்ச கேஸாச்சே ஐயா, ஏன் விட்டுட்டீங்க?"

"கம்பெனி சொல்லியிருந்தா வுடுவனா தம்பி? நான் பயந்து நிக்கறதப் பாத்துட்டு, அந்தப் புள்ள எனக்கு ஒரு தெம்புக்கு சொல்லுச்சு. அது அந்தப் புள்ளையே சொன்னது. கம்பெனிக்கு அதுல இன்னா பாத்தியத?"

மொபெட் இரண்டு முறை இருமிக் கிளம்பியது. நான் சாமி கும்பிடுகிற ஆளில்லை. ஆனால் அன்று கடை ஷட்டரை இறக்கும்போது, அந்த மனுஷன் நாற்று மட்டும் கருகிவிடக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டேன்.