சர்வர் கள்ளனை நான் துரத்திய நாள்

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் கூடுதல். அறிவு பின்னால் நடந்து வரும். சில நாள் வந்தே சேராது.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக்கடையின் ஒன்லைன் வியாபாரத்தை நான்தான் கவனித்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. "பெருநாள் வியாபாரம் முடியட்டும் தம்பி, பாப்பம்" என்றிருந்தார் முதலாளி ரிஸ்வான் ஹாஜியார். நிரந்தரமானதும் ஓடர்களைக் கவனிக்கும் கவிதாவின் வீட்டில் பெண் கேட்பதாகத் திட்டம். (கவிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதெல்லாம் சின்ன விஷயம்.)

அதனால் திறமையைக் காட்ட நினைத்தேன். ஓடர்களும் கணக்குகளும் இருக்கும் எங்கள் சர்வர் கம்ப்யூட்டருக்குள் யார் நுழைந்தாலும் கடையின் வட்ஸ்அப் குழுவுக்கு எச்சரிக்கை வரும்படி செய்தேன். பெருநாளுக்கு முந்தைய நாள், ஓடர்கள் குவியும் நேரம் பார்த்து அதை இயக்கினேன்.

சற்று நேரத்தில் முதல் எச்சரிக்கை வந்தது. யாரென்று பார்க்க சர்வருக்குள் போனேன். இரண்டாவது வந்தது. பதறி வெளியேறி, மறுபடி போனேன். மூன்றாவது.

"கள்ளன் பூந்துட்டானா தம்பி? பெருநாள் நேரத்துலயா?" ஹாஜியாருக்கு வியர்த்துவிட்டது.

"நான் இருக்கேன், ஹாஜியார்."

மூவரும் ஒரே இணைய முகவரியிலிருந்து வந்திருந்தார்கள். அந்த முகவரியையே தடுத்தேன். எச்சரிக்கைகள் நின்றன. 'துரத்தியாச்சு' என்று குழுவில் எழுதினேன். கவிதா கைதட்டும் படம் அனுப்பினாள். அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு அவளே வந்து நின்றாள். "எங்க கம்ப்யூட்டர் ஒண்ணுலயும் ஓடர் வரலீங்க. எல்லாம் நின்னுருச்சு."

என் லெப்டொப்பையும் சர்வர் உள்ளே விடவில்லை. கைபேசி டேட்டாவை இணைத்து நுழைந்தேன். நுழைந்த கையோடு கையிலிருந்த போன் சிணுங்கியது.

"தம்பி, இன்னொருத்தன்" என்றார் ஹாஜியார்.

அப்போதுதான் உறைத்தது. நான் தடுத்தது எங்கள் கடையின் இணைய முகவரி. முதலில் நுழைந்தது, கணக்குகளைப் பிரதியெடுக்க நானே கடைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்த புரோகிராம். மற்றக் கள்ளர்கள் எல்லாருமே நான். வேலையும் போச்சு, கவிதாவும் போச்சு என்றே நினைத்தேன்.

தடையை எடுத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். கடையே சிரித்தது. ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப கள்ளன் நீங்கதானா?"

"ஆமா, ஹாஜியார்."

"சரி, புடிச்சதும் நீங்கதானே. போய் வேலையப் பாருங்க."

பெருநாள் முடிந்து வேலை நிரந்தரமானது. கவிதாவும் சம்மதித்தாள், அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இன்னும் அவள் முடிக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் சாவியோ ரிமோட்டோ காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை. "தேடாத, மொதல்ல அப்பாவப் புடி" என்று கவிதா மகளிடம் சொல்கிறாள். மகள் வந்து என் சட்டைப்பைக்குள் கையை விடுகிறாள். கஷ்டகாலம், அங்கேதான் இருக்கிறது.