இட்லித் தட்டின் மேல் இரண்டு கிகாஹெர்ட்ஸ்

நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் மூளை தூங்கியிருக்கும், கை மட்டும் விழித்திருக்கும். எதைப் பார்த்தாலும் அழகாகத் தெரியும். எது தோன்றினாலும் அது நடந்துவிடும் போலவே இருக்கும். என் வாழ்க்கையின் மிகப் பெரிய அசட்டுத்தனத்தை அப்படியான சில காலைகளில்தான், ரொம்ப நிதானமாக, ரசித்து ரசித்துச் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். லைனில் வரும் போன்களில் உயிர் இல்லாதவற்றை ஓரமாக எடுத்து வைப்பார்கள். அவற்றை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, தலைமுடி கனத்தில் கம்பி வைத்து சால்டர் பண்ணி, உயிர் கொடுத்து அனுப்புவது என் வேலை. இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. (கொஞ்சம் என்று சொல்வது என் மேல் எனக்கிருக்கும் பாசத்தால்.)

பென்னலூரில் மல்லிகா அக்கா வீட்டின் பின்பக்க அறையில் நானும் ஜெபராணியும் வாடகைக்கு இருந்தோம். ஜெபா நாகர்கோவில்காரி. கம்பெனி ஒன்றுதான், ஷிஃப்ட் வேறு. அதனால் ஒரே பாயில் அவள் எழுந்த சூட்டில் நான் படுப்பேன். மல்லிகா அக்கா உள்ளூர். அவருடைய கணவர் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்தக் கம்பெனியின் கேன்டீன் இருக்கும் இடத்தில்தான் முன்பு தன் வரப்பு ஓடியது என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் பக்கத்து ஆளிடம் சொல்வாராம்.

அந்த வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பம்தான், ஓசூரில் போய்த் தங்கிவிட்டவர்கள். பையன் பெயர் முத்துக்குமார், ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வர வேண்டியதுதான் பாக்கி. கம்பெனியிலோ பண்டிகைக்கு முந்தைய உற்பத்தி. லீவு என்ற வார்த்தையைச் சொன்னால் சூப்பர்வைசர் காது கேட்காதவர் மாதிரி நடந்து போய்விடுவார். கடைசியில் பையன் வீட்டிலேயே ஒரு வழி சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். பிடித்திருந்தால் மற்றதைப் பேசலாம்.

என்னிடம் ஒரு நெட்புக் இருந்தது. பெரியப்பா மகன் புதிது வாங்கியதும் எனக்குத் தள்ளிவிட்டது. நோட்டுப் புத்தகம் அளவே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். இன்டர்நெட்டுக்கு அதன் பக்கவாட்டில் ஒரு டாங்கிளைச் செருக வேண்டும். ஒத்திகைக்காக ஜெபாவின் அண்ணனோடு வீடியோவில் பேசிப் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் என் முகம் ஒரு கோலத்தில் நின்றது. ஒன்றில் தும்மப் போகிறவள் மாதிரி. ஒன்றில் ஒரு கண் மட்டும் மூடி. இன்னொன்றில், ஜெபா சொன்னபடி, "ஏட்டி, பல் டாக்டர்ட்ட போன மாரி இருக்க."

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்தப் பிராசஸருக்கு வேகம் போதாது. ஏற்றிவிட வேண்டியதுதான்.

பிராசஸரை அது செய்யப்பட்ட வேகத்தைவிட வேகமாக ஓடவைப்பதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். என் நெட்புக் ஒன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ். அதை இரண்டாக்கியவர்கள் உலகத்தில் இருந்தார்கள். இன்டர்நெட்டில் அவர்கள் எழுதிவைத்ததைக் காலை வேளைகளில், பாதிக் கண்ணில் தூக்கத்தோடு, பாட்டுக் கேட்பது மாதிரி படித்தேன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது கண்ணாடியில் தலை சாய்ந்திருக்கும். வெளியே ஏரி மேல் பனி நிற்கும். கன்டெய்னர் லாரிகள் விளக்கை அணைக்க மறந்து வரிசையாக நிற்கும். எல்லாமே தண்ணீருக்குள் இருப்பது போல மெதுவாக அசையும். அந்த மிதப்பில் நான் கண்ட கனவு மாப்பிள்ளையைப் பற்றியது அல்ல. இரண்டு கிகாஹெர்ட்ஸைப் பற்றியது. என் முகம் ஓர் இடத்திலும் நிற்காமல், ஆறு மாதிரி ஓசூர்வரைக்கும் ஓடுவது பற்றியது.

நெட்புக்கின் அடிமூடியைக் கழற்றினேன். போர்டில் வேகத்தைத் தீர்மானிக்கும் ஒரு சிறு சிப் இருந்தது. அதன் ஒரு காலை அடுத்த காலோடு மெல்லிய கம்பியால் இணைத்தேன். மீதியை ஒரு சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டது. திரையில் 'இரண்டு' என்று வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. (தூக்கமின்மையாகவும் இருக்கலாம்.)

சூடுதான் பிரச்சினை. பத்து நிமிஷத்தில் அடிப்பக்கம் தோசைக்கல். காற்றோட்டம் வேண்டுமென்று அடிமூடியை மாட்டாமலே விட்டுவிட்டேன். அதை எதன் மேல் வைப்பது? கீழே துளை இருக்க வேண்டும், உயரமும் இருக்க வேண்டும். அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஜெபாவின் துளை போட்ட இட்லித் தட்டு ஆணியில் தொங்கியது. கவிழ்த்து வைத்து, போர்டு உலோகத்தில் படாமலிருக்க இட்லித் துணியை நாலாக மடித்து இரண்டு ஓரத்திலும் கொடுத்து, மேலே நெட்புக்கை உட்கார வைத்தேன். எதிரில் டேபிள் ஃபேன்.

மல்லிகா அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா பாப்பா, கம்ப்யூட்டர வேக வெச்சிகினு கீற?"

"காத்து போகணும்க்கா."

"யாருக்கு?"

ஃபேனை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தினேன்.

ஞாயிறு வந்தது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு ஏழரைக்கு அறைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக நெட்புக்கைப் போட்டுவிட்டேன். குளித்து, தலை பின்னி, பச்சைப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, கொஞ்சம் கண்ணை மூடலாமென்று சுவரில் சாய்ந்தேன். ஜெபா ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். ஃபேன் காற்றில் பூ வாசம் சுற்றிச் சுற்றி வந்தது. விழித்தபோது நெட்புக்கின் ஓரத்தில் மணி 11:02.

பதறிப்போய் நானே அழைத்துவிட்டேன்.

நான் கவனிக்காத ஒன்று உண்டு. பிராசஸரின் வேகத்தைக் கால் பங்கு ஏற்றியதில், நெட்புக்குக்குள் இருந்த கடிகாரமும் கால் பங்கு வேகமாக ஓட ஆரம்பித்திருந்தது. ஊரில் ஒரு மணி நேரம் போனால் அதற்குள் ஒன்றே கால் மணி நேரம் போகும். ஏழரையிலிருந்து அது தனியாக, தன் பாட்டுக்கு, எதிர்காலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஓசூரில் அப்போது மணி பத்து இருபது.

அந்தப் பக்கம் ஓர் அம்மா முகம் திரை முழுக்க வந்தது. கையில் பாதி நறுக்கிய முருங்கைக்காய். பச்சைப் பொத்தானை அமுக்கினால் பொண்ணு வரும் என்று மகன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துவிட்டு, நான் வந்ததில் அவரே திகைத்திருந்தார்.

"ஏல குமாரு, பொண்ணு வந்துட்டாடா."

"யம்மா, அது பதினோரு மணிக்கு."

"இங்க உக்காந்துருக்காளே. பூ வச்சிருக்கா."

அவர் விலகியதும் பின்னால் அறை தெரிந்தது. துண்டு கட்டிய ஓர் ஆள் சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று, சிறிய பிரஷ்ஷால் மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். பாதி மீசை கன்னங்கரேலென்று இருந்தது. மறுபாதி நல்ல நரை. இருபத்தெட்டு வயதுக்கு அது பித்த நரை. திரும்பினார், பார்த்தார், பீரோக் கதவைத் திறந்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டார். கதவுக்கு மேலே தலை தெரிந்தது. கதவுக்குக் கீழே கால் தெரிந்தது.

படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அத்தனையும் ஆறு மாதிரி ஓடியது.

நல்ல பெண்ணாக இருந்திருந்தால் நான் அழைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். நானோ சிரித்துக்கொண்டே, இன்னும் நன்றாகப் பார்க்கலாமென்று நெட்புக்கைக் கிட்டத்தில் இழுத்தேன். துணி பின்னாலேயே தங்கிவிட்டது. திறந்த போர்டு இட்லித் தட்டின் மேல் இறங்கியது.

பட்டென்று ஒரு வெளிச்சம். பிறகு சுருள் சுருளாகப் புகை, என் முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவில், அவசரமே இல்லாமல் எழுந்தது. துணியில் தீ பிடித்தது. நான் கத்தியதில் மல்லிகா அக்கா ஓடி வந்தார். மெயினை அணைத்தார். அணைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்க வைத்திருந்த வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றினார். நெட்புக், டாங்கிள், பக்கத்தில் இருந்த என் செல்போன், என் பச்சைப் புடவை, எல்லாம் ஒரே முழுக்கு.

"உசுரு கீதுல்ல? அது போதும்," என்றார் அக்கா.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தெரியும். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. போனை அரிசிக்குள் புதைத்தேன். புடவையை மாற்றினேன். வரன் அவ்வளவுதான், மதியத்துக்கு மேல் யோசிக்கலாம் என்று படுத்தேன். துக்கத்தில் தூக்கம் வராது என்பார்கள். நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு அது பொருந்தாது. நெட்புக் படகு மாதிரி ஏரியில் மிதப்பதாகவும், அதன் திரையில் மணி மட்டும் ஓடிக்கொண்டே இருப்பதாகவும், நான் கரையோடு நடந்து அதன் கூடவே போவதாகவும் கனவு வந்தது. பயமாக இல்லை. இதமாகவே இருந்தது.

அக்கா என்னை உலுக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது.

"பாப்பா, எந்திரி. ஒரு ஆளு வந்து நிக்குறாரு. பாதி மீசைதான் கருப்பா கீது."

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் பார்த்தது இதுதான். சிரிக்கிற ஒரு பெண், ஒரு வெளிச்சம், புகை, ஓர் அலறல், கேமராவை நோக்கி வரும் தண்ணீர், இருட்டு. சிலிண்டர் வெடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் போன் எடுக்கவில்லை. அப்பாவைக் கேட்டதில் அவரிடம் இருந்ததும் அதே எண்தான், பென்னலூர் என்று ஊர்ப் பெயரை மட்டும் சொன்னார். முத்துக்குமார் கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, சென்னை பஸ் பிடித்து, பென்னலூர் பக்கம் இறங்கி, டீக்கடையில் ஆரம்பித்துத் தெருத்தெருவாக "எந்த வீட்டுலங்க தீப்பிடிச்சுச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எங்கேயும் பிடிக்கவில்லை என்று எல்லோரும் சொல்லியும் நம்பவில்லை.

நான் கதவருகே போனபோது அவர் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோமதிய எந்த ஆஸ்பத்திரியில சேத்துருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியா? உள்ள தூங்கினு இருந்துச்சு. தோ வருது பாரு."

தலை கலைந்து, கன்னத்தில் பாய்க்கோடு பதிந்து, கொட்டாவியோடு நான். கையில் தீக்காயத்துக்கான களிம்பும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு, இரு நிற மீசையோடு அவர். எங்கள் பெண் பார்க்கும் படலம் இதுதான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நெட்புக்தான் போயிருச்சு."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். களிம்பையும் பழச்சீப்பையும் என்னிடம் நீட்டினார். எனக்காக ஒருவர் இவ்வளவு தூரம் ஓடி வந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. தூக்கம் முழுசாகப் போய்விட்டது.

"மறுபாதிய ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

"அதுக்குள்ள நீங்க தீப்பிடிச்சிட்டீங்க."

அக்கா டீ கொண்டுவந்தார். ஒத்திகையில் படம் நின்று நின்று வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இவர் நெட்புக்கைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இட்லித் தட்டையும் பார்த்தார். போர்டை வெளிச்சத்தில் பிடித்து, நான் வைத்த கம்பியை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்த சால்டர் யாரு போட்டது?"

"நான்தான்."

"எங்க கம்பெனியில இப்படிப் போட ஆள் இல்லைங்க."

என்னை அழகு என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பிடித்திருக்காது. ஆனால் மனுஷர் அதோடு நிறுத்தவில்லை. டீயை உறிஞ்சிவிட்டு, "முன்னாடி படம் நின்னு நின்னு வந்துச்சுன்னீங்களே, அது பிராசஸர் இல்லைங்க, டவர். டாங்கிள ஜன்னல் பக்கமா வச்சிருந்தா போதும். இன்னைக்கு ஜன்னல் பக்கந்தானே உக்காந்துருந்தீங்க?" என்றார்.

ஆமாம். வீடியோவில் நிறமாகத் தெரிவதற்காக அன்றைக்குத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரக் காலைகள், ஒரு நெட்புக், ஜெபாவின் இட்லித் தட்டு, எல்லாம் ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்தால் மிஞ்சியிருக்கும். இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டுமென்று கிளம்பியவரிடம், "மீதி மீசைக்கு மை போடாதீங்க. கருப்பானதும் வெளுக்கட்டும்," என்று சொன்னது நான்தான். சம்மதம் சொன்ன முறை அதுதான் என்று பிறகு எல்லோருமாகத் தீர்மானித்துவிட்டார்கள்.

இப்போது ஒரகடத்தில் இருக்கிறோம். எங்கள் சொந்தத்தில் யாருக்காவது பெண் பார்க்கப் போகிற பேச்சு எழுந்தால், என் மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க, எம்மவன் தீயணைக்கப் போனான்" என்று ஆரம்பிப்பார். வருஷத்துக்கு வருஷம் புகை கூடிக்கொண்டே வருகிறது. போன தடவை சொன்னபோது கூரை வரை எரிந்தது. நான் மறுப்பதை விட்டுவிட்டேன்.

என் மகளுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. போன மாதம் வல்லக்கோட்டை கோவிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஆச்சி, அப்பா போனப்போ வீட்டுல தீயே இல்லைன்னு அம்மா சொல்றாங்களே. அப்புறம் தீ எங்கதான் இருந்துச்சு?"

மாமியார் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மகனின் நரைத்த பின்னந்தலையைப் பார்த்தார்.

"ஓசூருலருந்து பென்னலூரு வரைக்கும் உங்கப்பன் வயித்துலதான் இருந்துச்சு," என்றார்.